கார் போகாத பாதையில் பின்தொடர்வது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு பற்றைக்குள் ஒளிந்திருந்தேன்.

ஒளித்துப் பிடித்து விளையாடும் வயதைத் தாண்டி மிக நாளாகிறது. சல்வாருக்கு மேலே கணவரின் பழைய ஜக்கெற், தலையில் ஸ்காஃப், கையில் ரீ நிறைத்த பிளாஸ்க் – இந்தக் கோலத்தில், கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் போய், கலிடன் மலைப்பக்கத்தில், பெயர் தெரியாத முட்செடி ஒன்றின் பின்னால் குந்தியிருந்தேன். கொஞ்சம் தள்ளி எங்கள் கார். அதற்குள் என் கணவர். சீற்றைச் சரித்துவிட்டு நல்ல நித்திரை.

ஏன் இந்தக் கோலம்? ஆறுதலாகவே சொல்கிறேன்.

எங்கள் மகள் துளசிக்குப் பதினான்கு வயது. அவளுடைய வகுப்பில் ஜெனி என்று ஒரு வெள்ளைக்காரத் தோழி. ஜெனிக்குப் பிறந்தநாள் வந்தது. நாங்கள் என்றால் என்ன செய்வோம்? பெரிய ஹோல் வாடகைக்கு எடுப்போம். ஊர் முழுக்கச் சொல்லுவோம். வீடியோக்காரர் வருவார். பிறந்தநாள்காரி கேக்குக்கு முன்னால் நின்று நின்று களைத்து, கடைசியில் அழுவாள். அதையும் வீடியோக்காரர் எடுப்பார்.

ஜெனி கேட்டது அதுவல்ல. இரண்டு தோழிகள், மூன்று சைக்கிள், ஒரு பகல். அவ்வளவுதான்.

கலிடனில் ஒரு பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி விட்டிருக்கிறார்கள். ரயில் ஓடுவது நின்று பல வருடங்களாம். தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, பொடிக்கல் கொட்டி, அமர்த்தி, மலைகளுக்கு நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விட்டிருக்கிறார்கள். ஜெனியின் அம்மா ஒரு முனையில் பிள்ளைகளை இறக்கிவிடுவார். பின்னேரம் மறுமுனையில் ஏற்றிக்கொள்வார். இடையில் மூன்று பேரும் தனியே.

தனியே. துளசி இந்தச் சொல்லைச் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"காரும் லொறியும் போற றோட்டிலை நீ சைக்கிள் ஓடவேண்டாம்" என்றேன்.

"அம்மா, அது றோட் இல்லை. அதிலை கார் அலவ்ட் இல்லை. நோ கார்ஸ் அற் ஓல்."

கார் போகாது என்று கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே அந்தப் பால் திரைந்துபோயிற்று. கார் போகாதென்றால்... நாங்கள் எப்படிப் பின்னால் போவது?

பெற்றோராக இருக்கும் வாசகர்களுக்கு இந்தத் திகில் விளங்கும். இந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பது என்பது பாதிக்கு மேல் கார் ஓட்டும் வேலை. நீச்சலுக்கு, பரதத்துக்கு, மிருதங்கத்துக்கு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, மார்க்கம் நகரில் இருக்கும் கணித ரியூஷனுக்கு... பிள்ளையின் முகத்தை நேரே பார்ப்பதைவிடக் காரின் கண்ணாடியில் பார்ப்பதுதான் அதிகம். கார் போகாத இடத்துக்குப் பிள்ளை போகிறது என்றால், எங்கள் ஆட்சி எல்லைக்கு வெளியே போகிறது என்று அர்த்தம்.

என்றாலும் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொல்ல வைத்தவர் கணவர். "ஒரு பகல் சைக்கிள் ஓடத்தானே கேக்கிறாள், கலியாணமே கேட்டவள்?" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் பெற்றோர் நிபந்தனை போடுவார்கள். எங்கள் வீட்டில் மகள் போட்டாள்.

"நீங்கள் பின்னாலை வரக்கூடாது."

"நான் ஏன் வாறன்?"

"மியூசியத்துக்கு வந்தனீங்கள்."

இளவேனிலில் அவளுடைய வகுப்பு மியூசியத்துக்குப் போனபோது, டைனோசர் எலும்புக்குப் பக்கத்தில் நானும் கணவரும் தற்செயலாக நின்றது உண்மைதான். தற்செயல் என்பதை அவளுடைய ஆசிரியைகூட நம்பவில்லை.

"அது எலும்பு பாக்க வந்தது" என்றேன்.

"அம்மா, ஐ ஆம் சீரியஸ். இந்த முறையும் வந்தீங்களெண்டால், இனி உங்களைக் கேக்க மாட்டன்."

"என்னத்தைக் கேக்க மாட்டாய்?"

"ஒண்டும் கேக்க மாட்டன். சொல்லவும் மாட்டன். போகேக்கை போவன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அவள் மெதுவாகச் சொன்னாள். அதுதான் பயம். எனக்குத் தெரிந்த வீடுகள் சில இருக்கின்றன. "மகள் எங்கை?" என்று கேட்டால், தாய் மேல்மாடியைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார், பிறகு "ரீ குடிக்கிறீங்களோ?" என்பார். கேட்டு அனுமதி வாங்குகிற பிள்ளை இன்னும் எங்கள் பிள்ளை. கேட்காத பிள்ளை மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை.

வரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சாமிப்படத்துக்கு முன்னால் அல்ல. கவனமாக, ஃபிரிட்ஜுக்கு முன்னால்.

ஞாயிறு வந்தது. ஜெனியின் அம்மா வான் ஒன்றில் வந்தார். பின்னால் இரண்டு சைக்கிள் ஏற்கெனவே கட்டியிருந்தது. துளசியின் சைக்கிளையும் கட்டினார்கள். அவளுடைய பையில் மட்டன் ரோல்ஸ், பிளாஸ்ரர், விசில், மழைக்கோட், மேலதிகமாக ஒரு சோடி சொக்ஸ் எல்லாம் வைத்தேன். ஜெனியின் அம்மாவின் வானுக்குள் ரெலிபோன் இருக்கிறதாம். நல்லது. ஆனால் அது வானுக்குள் இருக்கும்; பிள்ளைகள் காட்டில் இருப்பார்கள். இதில் யாருக்கு என்ன பிரயோசனம்?

வான் தெரு முனையில் திரும்பி மறைந்தது.

"இஞ்சருங்கோ, காரை எடுங்கோ" என்றேன்.

"எங்கை?"

"சும்மா. மலைப்பக்கம். காத்து வாங்க."

"நீர் சத்தியம் பண்ணினீரெல்லே?"

"பின்னாலை வரமாட்டன் எண்டுதான் சத்தியம். முன்னாலை போய் நிக்கிறதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். எப்போது பேசுவது, எப்போது சாவியை எடுப்பது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் திட்டம் எளிமையானது. ரயில் பாதையில்தான் கார் போகாதே தவிர, அந்தப் பாதை இடைக்கிடை கார் றோட்டுகளைக் குறுக்கே கடக்கிறது. ஒவ்வொரு கடவையிலும் முதலே போய் நிற்பது. மூன்று தலைகளும் கடந்து போவதைப் பார்ப்பது. அடுத்த கடவைக்கு ஓடுவது. பிள்ளைக்கும் தெரியாது, சத்தியத்துக்கும் பெரிய சேதம் இல்லை.

நான் நினையாத ஒன்று, மலை.

மலைப்பிரதேசம் என்றதும் எனக்கு ஏற்கெனவே வேறு பயம் இருந்தது. இறக்கத்தில் பிறேக் பிடிக்காமல் போனால்? அதைக் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ரயில் போன பாதையப்பா. ரயில் மலை ஏறுமே? மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மட்டமாய்த்தான் போட்டிருப்பாங்கள்."

அது சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் பாதை மேசை மாதிரி மட்டம். ஆனால் எங்கள் றோட் அப்படியில்லை. ஒரு மலையில் ஏறி, இறங்கி, வளைந்து, பண்ணை ஒன்றைச் சுற்றி, திரும்ப ஏறி... கார் முனகியது. இஞ்சின் சூட்டு முள் மேலே போனது. சமதரை முழுவதும் பிள்ளைகளுக்கு, ஏற்றம் முழுவதும் எங்களுக்கு. பெற்றோர் வாழ்க்கையை யாரோ படம் போட்டுக் காட்டுவது மாதிரி இருந்தது.

"தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டுச் சைக்கிள் ஓட விடுகினமாம்" என்றேன், ஏதாவது பேசவேண்டும் என்பதற்காக.

"யாழ்ப்பாணத்திலை எங்கடை பக்கமும் கழட்டினவைதானே."

"அது குண்டு விழேக்கை ஒளிக்கிற பங்கர் மூடவெல்லோ."

"ஓம். தண்டவாளத்துக்குக் கீழை கிடந்த சிலிப்பர் கட்டையும் விடேல்லை." அடுத்த ஏற்றத்தில் காரை ஏற்றினார். பிறகு சொன்னார்: "இஞ்சை சனம் கழட்டினால் பிள்ளையள் மேலாலை ஓடுதுகள். அங்கை கழட்டினால் பிள்ளையள் கீழை இருந்ததுகள்."

அவர் இப்படித்தான். வருடத்துக்கு ஒரு தரம் இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, உடனே "ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?" என்று கேட்பார்.

முதல் கடவையில் ஒரு பெரிய குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். மூன்று பேரும் வந்தார்கள். துளசி நடுவில். நீல ஹெல்மெற். நிமிர்ந்திருந்து ஓடினாள். ஜெனி ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. எங்கே வைத்திருந்தாள் அதை?

இரண்டாவது கடவையில் மறைவிடம் ஒன்றும் இல்லை. கணவர் காரின் பொனற்றைத் திறந்தார். கார் பழுதாகி நிற்பது மாதிரி நாங்கள் இருவரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றோம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வழியால் பிக்கப் ட்ரக்கில் வந்த ஒரு விவசாயி, நல்ல மனுசன், இறங்கி வந்து எங்கள் இஞ்சினைத் திருத்தத் தொடங்கிவிட்டார். பழுதில்லாத இஞ்சினை எப்படித் திருத்துவது? அவர் விடவில்லை. எண்ணெய் பார்த்தார், பெல்ற்றை இழுத்துப் பார்த்தார், கணவருக்கு ஒரு விரிவுரையே நடத்தினார். அந்த இடைவெளியில் பின்னால் மூன்று சைக்கிள்கள் கடந்து போகும் சத்தத்தைக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ரேடியேற்றருக்குள் இன்னும் கொஞ்சம் புதைத்தேன்.

மூன்றாவது கடவைதான் பற்றை.

அவர்கள் வரவேண்டிய நேரம் வந்தது. பிள்ளைகள் வரவில்லை. ஒரு கோப்பை ரீ குடித்தேன். வரவில்லை. நுளம்பு கடித்துக் கடித்து என்னை ஒரு கை பார்த்தது. வரவில்லை.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்கார அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். வைக்கோல் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். பற்றைக்குள் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பறவை பார்க்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேறு என்ன சொல்வது? "யெஸ்" என்றேன்.

"நீலப் பறவையா? இந்தப் பக்கத்தில் அதற்குக் கூட்டுப் பெட்டிகள் வைத்திருக்கிறோம்."

"யெஸ். நீலம்."

துளசியின் ஹெல்மெற் நீலம். ஆகவே அதை முழுப் பொய் என்று சொல்லமுடியாது.

அவர் மிகச் சந்தோஷமாகத் தன் பைனாகுலரைக் கழற்றித் தந்தார். நான் வாங்கி, பாதை வந்த பக்கம் திருப்பினேன். அவர் என் தோளைத் தொட்டு, பெட்டி இருப்பது எதிர்ப்பக்கம் என்றார். நான் திரும்பவில்லை. ரயில் பாதை அல்லவா, கோடு போட்ட மாதிரி நேரே கிடந்தது. அந்தக் கோடு முடிகிற இடம்வரை பார்த்தேன். மரம், வெயில், பொடிக்கல். பிள்ளை இல்லை.

"வருகிற வழியில் மூன்று பெண்பிள்ளைகளைக் கண்டீர்களா? சைக்கிளில்?"

அவர் யோசித்தார். தான் அந்தப் பக்கமிருந்துதான், போன கடவையிலிருந்துதான் வருவதாகச் சொன்னார். ஒரு நாயைக் கண்டாராம். நாய்க்காரரைக் கண்டாராம். பெண்பிள்ளைகள் யாரையும் காணவில்லையாம்.

வாசகர்களே, இரண்டாவது கடவையைத் தாண்டிப் போன சத்தத்தை என் காதால் கேட்டேன். மூன்றாவது கடவைக்கு அவர்கள் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. அந்த நேர்கோட்டில் மூன்று பிள்ளைகள் இல்லை.

காரை நோக்கி ஓடினேன்.

"எழும்புங்கோ. பிள்ளையளைக் காணேல்லை."

"வருவினம்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அந்த மனுசி வழி முழுக்க வந்தவ. ஒருத்தரும் இல்லையாம்."

இப்போது கண்ணைத் திறந்தார். "எங்கையும் இருந்து ஐஸ்கிறீம் குடிக்குதுகளாக்கும்" என்றார். ஆனால் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டார். அதைக் கண்டதும் எனக்கிருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது.

"காரை உதாலை விடுங்கோ."

"எதாலை?"

"பாதையாலை."

"கம்பி போட்டுக் கிடக்கப்பா."

ஆம். பாதையின் வாயில் மஞ்சள் நிற இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே கிடந்தது. சைக்கிள் போகலாம், ஆள் போகலாம், கார் போகாது. இரண்டு கிழமைக்கு முன் இதைக் கேட்டு நிம்மதிப்பட்டவள் நான்தான். எத்தனை நல்ல மனிதர்கள் கூடி யோசித்துப் போட்டிருப்பார்கள் அந்தக் கம்பியை? அந்த நேரத்தில் அத்தனை பேரையும் திட்டினேன்.

வைக்கோல் தொப்பி அம்மா பின்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"பறவை இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "மகள்."

அவர் சைக்கிளை என் பக்கம் நீட்டினார். "பிறேக் காலில்" என்றார். நான் கேட்காமலே யெஸ் யெஸ் என்றேன். கணவர் காரில் இரண்டாவது கடவைக்குத் திரும்பிப் போய் அந்தப் பக்கமிருந்து நடந்து வருவது, நான் இந்தப் பக்கமிருந்து சைக்கிளில் போவது என்று முடிவாயிற்று.

கனடா வந்தபின் நான் சைக்கிளில் ஏறியதில்லை. ஆனால் அதற்கு முன்னால், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், எனக்குக் கால் என்று இருந்ததே சைக்கிள்தான். துளசியைக் கரியரில் வைத்துக்கொண்டு படிப்பிக்கப் போவேன், கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடைக்குப் போவேன், சாவீட்டுக்கும் போவேன். உடம்பு மறக்கவில்லை. ஏறினேன், மிதித்தேன், போனேன்.

உடம்பு இன்னொன்றையும் மறக்கவில்லை. சைக்கிள் வேகம் பிடித்ததும் பெடலைச் சும்மா கொஞ்சம் பின்னுக்குச் சுழற்றுவது எங்கள் ஆட்களின் பழக்கம். ரிக் ரிக் என்று சத்தம் வரும், காலுக்கும் ஆறுதல். சுழற்றினேன். இந்தச் சைக்கிளில் பின்னுக்கு மிதித்தால்தான் பிறேக். சைக்கிள் அதே இடத்தில் நின்றது. நான் நிற்கவில்லை.

புல் மெத்தென்று இருந்தது. எழும்பி, ஏறி, மிதித்து, திரும்பவும் பழக்கத்தில் சுழற்றி, திரும்பவும் புல்லில் இருந்தேன். முழங்கை உரிந்தது. ஸ்காஃப் எங்கேயோ போயிற்று. அதற்குப் பிறகுதான் காலுக்குப் புத்தி வந்தது.

என்னென்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? கரடி. பாழும் கிணறு. வான் ஒன்றில் வந்த யாரோ... வேண்டாம். அந்த எண்ணங்களை எழுதினால் அவற்றுக்கு உயிர் வந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் கிடைத்தால் போதும், இனி என்னை ஒன்றும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, வாடகைக்கு இருந்தாலும் பரவாயில்லை என்று மனம் பேரம் பேசிக்கொண்டே வந்தது.

அப்போது தூரத்தில் அவனைக் கண்டேன்.

காக்கிச் சட்டை. தொப்பி. பூட்ஸ். இடுப்பில் வோக்கிரோக்கி. பாதை ஓரத்தில் காலை அகட்டிக்கொண்டு நின்றான்.

என் கால் என்னைக் கேட்கவில்லை. நல்ல தூரத்திலேயே நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு உருட்டத் தொடங்கினேன். வலது கை தானாக ஹான்ட்பாக்கைத் தேடியது. ஹான்ட்பாக் காரில். ஐயோ, ஐசியைக் காரில் விட்டுவிட்டேனே! எந்த அடையாள அட்டை? அந்த அட்டை என்னிடம் இல்லாமல் போய் எத்தனை வருடம்? அதெல்லாம் மண்டைக்குத் தெரியும். காலுக்கும் கைக்கும் யார் சொல்வது?

அங்கே இருந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண், இருந்தது. சென்றியைக் கண்டால் யாரும் சைக்கிளில் இருந்துகொண்டு போகக்கூடாது. தூரத்திலேயே இறங்கி, தொப்பி போட்டிருந்தால் கழற்றி, உருட்டிக்கொண்டு, சிரிக்காமல், முறைக்காமல் போகவேண்டும். கரியரில் இருக்கும் குழந்தையும் இறங்கி நடக்கவேண்டும்.

இப்படி நான் உருட்டிக்கொண்டு வரும்போது, அந்த மனிதனுக்கு அப்பால், எதிர்ப்பக்கத்திலிருந்து சைக்கிள்கள் வந்தன. முதலில் ஜெனி. அவனுக்குக் கையைக் காட்டி "ஹாய்" என்றுவிட்டு, வேகம் குறையாமல் தாண்டினாள். அடுத்தது மற்றத் தோழி. அவளும் "ஹாய்." மூன்றாவது, நீல ஹெல்மெற்.

என் மகள்.

அவள் சைக்கிளில் இல்லை. நல்ல தூரத்திலேயே இறங்கியிருந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு உருட்டி வந்தாள்.

நாங்கள் அந்த நாட்டை விடும்போது துளசிக்கு ஏழு வயது. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டால் அவளும் அப்படித்தான் சொல்வாள்.

அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நான். நடுவில் அந்த மனிதன். அவனுக்குப் பின்னால் ஒரு விழுந்த மரம், ஒரு மரம் வெட்டும் இயந்திரம், பாதி குடித்த கோப்பி. இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து தலை குனிந்து சைக்கிள் உருட்டி வருவதைப் பார்த்து, பாவம், அவன்தான் பயந்துபோனான்.

"எல்லாம் சரிதானே?" என்றான்.

"யெஸ் சேர்" என்றோம் நாங்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

என் குரல் கேட்டுத்தான் துளசி நிமிர்ந்தாள்.

என் தலையில் புல். முழங்கையில் இரத்தம். யாரோ ஒரு கிழவியின் பூக்கூடை வைத்த சைக்கிள். ஜெனி நின்று திரும்பிப் பார்த்தாள். "துளசி, இஸ் தற் யுவர் மொம்?"

துளசி என்னை ஒரு கணம் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

"யா" என்றாள். "மை மொம். ஷீ பைக்ஸ்."

பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தால் போகும்போது, மெல்லிய குரலில், தமிழில்: "வீட்டை வாங்கோ. கதைக்கிறன்."

இத்தனை வருடமும் நான் அவளுக்குச் சொல்லி வந்த வசனம். மறுபக்கத்திலிருந்து கேட்டால் அது எவ்வளவு பயங்கரமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கே போனார்களாம்? வழியில் ஒரு சிறு பாலம். பாலத்துக்குக் கீழே ஓடை. சைக்கிள்களையும் கீழே இறக்கிவிட்டு, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறார்கள். மேலே வைக்கோல் தொப்பி அம்மா போனதை அவர்களும் காணவில்லை, அவர்களை அவரும் காணவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஜெனி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த முறை ரோல்ஸ் இன்னும் கொஞ்சம் கூட வைக்கமுடியுமா?

அவர்கள் போனார்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா "கிடைத்ததா?" என்று கேட்டார். "யெஸ். நீலம்" என்றேன். அவர் என் முழங்கையைத் துடைத்துவிட்டார். கணவர் வேர்த்து விறுவிறுத்து, சப்பாத்து இன்னும் கால் மாறியபடி, பாதையால் நடந்து வந்து சேர்ந்தார். "ஐஸ்கிறீம்தானே?" என்றார். "இல்லை, ரோல்ஸ்" என்றேன். பாதையோரக் கல்லில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அன்று பின்னேரம் துளசி வீட்டுக்கு வந்தாள். கதைக்கவில்லை. நேரே மேலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. என்ன சாப்பாடு என்றுகூடக் கேட்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து பிந்தி வந்தாள். எங்கே போனாள் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. என்னைப் போல இல்லை. நான் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன்.

புதன்கிழமை பின்னேரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்டு கேக்கலாமோ?"

கரண்டி கையிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டேன். "கேள்."

"அண்டைக்கு அந்த மரம் வெட்டுற மனுசனைக் கண்டு ஏன் இறங்கினீங்கள்?"

"நீ ஏன் இறங்கினாய்?"

கொஞ்சம் யோசித்தாள். "எனக்குச் செயின் கழண்டுட்டுது."

அந்தச் செயினை நான் கண்ணால் கண்டேன். பல்லில் அழகாகப் பொருந்தி, எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் செயின்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன். என் பிளவுஸ் ஏன் நனைந்தது என்று நானும் கேட்கவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாற ஞாயிறும் ஜெனியாக்கள் போகினம். நானும் போகட்டோ?" என்றாள்.

கேட்கிறாள். கேட்டுவிட்டாள். நான் ஓம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நீங்களும் வாங்கோ. காரிலை இல்லை. சைக்கிளிலை."

"நானோ?"

"ஓம். ஆனால் நீங்கள் முன்னாலை. நான் பின்னாலை."

"ஏன் அப்பிடி?"

"நீங்கள் விழுறீங்களோ எண்டு பாக்கத்தான்."

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரியின் சைக்கிளை இரவல் வாங்கி எங்கள் தெருவில் ஒத்திகை பார்த்தோம். நான் முன்னால், மகள் பின்னால். நாலு வீடு தாண்டவில்லை... "அம்மா, ஸ்லோ." "அம்மா, கரையிலை கேர்ப்பைப் பாருங்கோ." "அம்மா, கார் வருது." "அம்மா, ஏன் ஆடுறீங்கள்?"

ஏன் ஆடுகிறேனா? ஒருவர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால், எந்தப் பாதையிலும் சைக்கிள் நேராகப் போகாது.